சிற்றில் முதல் மணல்தாள் வரை: தமிழ் வீடுகளில் குழந்தைகளின் கைவழிக் கல்வி

வீட்டு முற்றத்திலும் திண்ணையிலும் அடுக்களை ஓரத்திலும் இளங்குழந்தை தன் கையாலேயே ஒன்றைச் செய்து, கலைத்து, மீண்டும் செய்து பார்ப்பதன் வழியாக வடிவத்தையும் எண்ணையும் சொல்லையும் அறிந்துகொள்ளும் முறையை இன்றைய கல்வியியலார் செயல்வழிக் கற்றல் என்பர். அச்சொல் அண்மைக் காலத்தில் ஆசிரியப் பயிற்சியின் வழியாகப் பரவியது என்றாலும், அது குறிக்கும் நடைமுறைக்குத் தமிழ் நிலத்தில் சங்க காலம் தொட்டே இலக்கியச் சான்று உண்டு. அச்சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, குழந்தைகள் கையாண்ட பொருள்களுள் பெரும்பாலானவை நிலைத்து நில்லாதவை என்பது புலப்படுகிறது. மணல் வீடு அலையிலோ காலிலோ அழியும். மாக்கோலம் மாலைக்குள் மறையும். ஓலைக் காற்றாடி இரண்டு நாளில் வாடும். ஆட்டத்துக்கு எடுத்த புளியங்கொட்டை ஆட்டம் முடிந்ததும் டப்பாவுக்குத் திரும்பும். செய்த பொருள் அழிந்துவிடுவதால் குழந்தை அதை மறுநாளும் செய்ய வேண்டியிருந்தது. மறுநாளும் செய்ததால் கை பழகியது, கணக்குப் படிந்தது. அழிவதும் மீண்டும் ஆவதுமாகிய இந்தச் சுழற்சியே இக்கல்வியின் அடிப்படை என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

சிற்றிலும் சிறுதேரும்

சிற்றில் என்பது சிறு இல், அதாவது மணலைக் குவித்துச் சுவரும் அறையும் வகுத்துக் குழந்தைகள் கட்டும் விளையாட்டு வீடு. அந்த வீட்டில் மணலையே அரிசியாகக் கொண்டு சமைப்பது சிறுசோறு. நீர் கொண்டுவந்து சேர்த்த நுண்மணலில் பாவை செய்து ஆடுவது வண்டல். அகநானூற்றின் 110ஆம் பாடலில், கடற்கரைச் சோலையில் சிற்றில் கட்டிச் சிறுசோறு குவித்துக் களைத்திருந்த பெண்களிடம் அவ்வழி வந்த ஒருவன், தான் அவ்வூரில் விருந்துண்டு தங்கினால் என்ன என்று கேட்கிறான். காதல் தொடங்கும் இடத்தைக் காட்டுவதே அப்பாடலின் நோக்கம் என்றாலும், வீடு கட்டுதல், சோறாக்குதல், விருந்தினரை எதிர்கொள்ளுதல் என்னும் மனையறத்தின் மூன்று செயல்களும் விளையாட்டின் ஒழுங்கிலேயே அமைந்திருந்ததை அது தெரிவிக்கிறது. கலித்தொகையின் 51ஆம் பாடலிலோ, சிறு வயதில் தெருவில் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைத்து, கூந்தலில் சூடிய மாலையை அறுத்து, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய சிறுவனைத் தலைவி நினைவுகூர்கிறாள். சிற்றில் என்றால் அது சிதைக்கப்படும் என்பதும், சிதைந்தால் மறுபடி கட்டப்படும் என்பதும் இவ்விலக்கியம் முழுவதிலும் சொல்லாமலே ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தியாகும்.

இவ்விளையாட்டுப் பெண்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர் பாடிய புறநானூற்று 243ஆம் பாடலில், தண்டூன்றி நடந்து, இருமலுக்கிடையே சில சொற்களே பேசக்கூடிய முதியவர், போய்விட்ட தம் இளமையை எண்ணி இரங்கும்போது, மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டியதையே முதலில் குறிப்பிடுகிறார். குளத்தில் பாய்ந்து மூழ்கி அடிமணலை அள்ளிவந்து காட்டிய வீரச்செயல் அதன் பிறகே வருகிறது. முதுமையின் நினைவில் மணற்பாவைக்கு முதலிடம் தந்த அப்புலவர், கைசெய்த பொருள் அழிந்தாலும் செய்த அனுபவம் அழிவதில்லை என்பதற்குச் சிறந்த சாட்சி ஆகிறார்.

குழந்தை தானே ஆக்கும் பொருளுக்கு அப்பால், பெரியவர் செய்து கொடுக்கும் விளையாட்டுப் பொருளும் சங்கப் பாடல்களில் உண்டு. குறுந்தொகையின் 61ஆம் பாடலைப் பாடிய தும்பிசேர்கீரனார், தச்சன் செய்த சிறிய தேரில் சிறுவர் ஏறிச் செல்ல இயலாவிட்டாலும், அதைக் கையால் இழுத்தே இன்பம் அடைவர் என்கிறார். பெரும்பாணாற்றுப்படையில், அத்தகைய தேரை உருட்டிக் களைத்த குழந்தைகள் செவிலியிடம் பாலருந்தி உறங்குகின்றனர். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், முற்றத்தில் உலர்த்திய தானியத்தை உண்ண வந்த கோழியின்மீது பெண்கள் எறிந்த பொற்குழை, சிறுவர் உருட்டும் மூன்று சக்கரத் தேரின் வழியை மறிக்கிறது. இம்மூன்றிலும் தேரின் சிறப்பு அதன் வேலைப்பாட்டில் இல்லை. குழந்தையின் கை அதை இழுப்பதிலும் உருட்டுவதிலுமே இருக்கிறது. இலக்கியம் காட்டும் இக்காட்சிகளுக்கு அகழாய்வும் துணை நிற்கிறது: கீழடியில் உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளும் பகடைக்காய்களும் ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. உடைந்த பானையே விளையாட்டுச் சில்லு ஆனது என்பதிலிருந்து, தச்சனின் தேரை வாங்க இயலாத வீட்டிலும் விளையாட்டுக்குக் குறைவிருக்கவில்லை என்று கொள்ளலாம்.

மாதக் கணக்கில் வளரும் குழந்தை

இடைக்காலத்தில் குழந்தையின் செயல்களை வயதின்படி வரிசைப்படுத்திய இலக்கிய வகை பிள்ளைத்தமிழ் ஆகும். பாட்டுடைத் தலைவரையோ தெய்வத்தையோ குழந்தையாகப் பாவித்து, பருவத்துக்குப் பத்துப் பாடலாகப் பத்துப் பருவங்கள் பாடுவது அதன் இலக்கணம். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடிய பாசுரங்களில் இவ்வமைப்பின் முற்கூறுகள் காணப்படுகின்றன. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ், இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இரு பாலுக்கும் பொது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவும், பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, நீராடல், ஊசல் போன்றவற்றுள் மூன்றும் சேர்ந்து பத்தாகும்.

செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் கூறும் பாட்டியல் நூல்களின் வழியே பரவலாக அறியப்பட்ட கணக்கின்படி, இப்பருவங்கள் மூன்றாம் மாதத்தில் தொடங்கி, ஒன்று விட்டு ஒரு மாதமாக, இருபத்தொன்றாம் மாதத்தில் முடிகின்றன. ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலையை அசைப்பது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. முதலில் தலையும் உடலும், பிறகு கை, அதன்பின் கால், இறுதியில் பொருளைக் கையாளும் செயல் என்று இவ்வரிசை செல்கிறது. இது கற்பனைக்கு இட்ட சட்டகம் என்றாலும், தொட்டிலருகே அமர்ந்து குழந்தையின் வளர்ச்சியை உற்றுநோக்கிய பல தலைமுறைத் தாய்மாரின் அறிவு அதன் அடியில் இருக்கிறது. சப்பாணி கொட்டுவதும் நிலவைக் காட்டி அம்புலியை அழைப்பதும் இன்றும் எழுத்தறியாத பாட்டிகளாலும் செய்யப்படுவன. புலவர்கள் வீட்டிலிருந்து எடுத்ததைத்தான் ஏட்டில் சேர்த்தனர்.

சிற்றில் பருவத்தில் ஒரு நுட்பம் கவனத்துக்குரியது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் இப்பருவத்தைப் பாடுவோர் மணல் வீடு கட்டிய சிறுமியர். தளர்நடையிட்டு வரும் ஆண் குழந்தையிடம் தங்கள் வீட்டைச் சிதைக்க வேண்டா என்று அவர்கள் இரக்கின்றனர். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில் ஆண்டாள் கண்ணனிடம் வைத்த முறையீடும் இதுவே. முதுகு நோவக் குனிந்து இழைத்த உழைப்பைப் பிறர் அழிக்கும்போது எழும் வருத்தத்தைச் சொல்லில் வடிப்பதும், அழித்தவனோடு உறவை முறித்துக்கொள்ளாமல் வழக்காடுவதும் அவ்விளையாட்டின் பகுதியாகவே இருந்தன. மணலைக் குவிக்கும் கைத்திறனுடன் மொழித்திறனும் பிறரோடு ஒத்து வாழும் திறனும் அங்கே சேர்ந்து வளர்ந்தன.

மணலில் எழுத்து

கட்டவும் அழிக்கவும் பயன்பட்ட அதே மணல், எழுத்துக் கற்பிக்கும் கருவியாகவும் இருந்தது. ஆசிரியரின் வீட்டுத் திண்ணையில் நடந்ததால் திண்ணைப் பள்ளிக்கூடம் எனப்பட்ட ஊர்ப் பள்ளிகளில், குழந்தை தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகிய பிறகே ஓலையையும் எழுத்தாணியையும் தொட்டது. ஓலையில் ஒரு முறை கீறிய எழுத்தைத் திருத்த இயலாது. மணலிலோ உள்ளங்கையால் ஒரு தடவை தடவினால் பிழை மறைந்து இடம் புதிதாகும். பிழை செய்யும் அச்சமின்றிக் குழந்தை எழுத்தின் வளைவைத் தொட்டுணர்ந்து கற்க இதைவிட மலிவான கருவி இருக்க முடியாது. விசயதசமியில் தட்டில் பரப்பிய நெல்லிலோ அரிசியிலோ குழந்தையின் விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதச் செய்யும் சடங்கில் அந்த முறை இன்றும் எஞ்சி நிற்கிறது.

இம்மணலெழுத்து கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக ஏற்பட்ட விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் விடுதியிலும் புகுத்தினார். அம்முறையை ஏற்கத் துணையாசிரியர் தயங்கியபோது, மூத்த மாணவன் ஒருவனைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைச் செய்தார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் இம்முறை, திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவர் செய்த பணியை ஒத்தது. பெல் 1797இல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே இது ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகள் பலர் மணல் பரப்பிய பலகையில்தான் முதலெழுத்தைக் கற்றனர்.

பள்ளிக்கு வெளியே வீட்டில் நடந்த கல்வியின் அளவை அறிய அரிய சான்று ஒன்று உண்டு. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் ஏறத்தாழ 1,88,000 மாணவரும் இருந்தனர். அவர்களுள் பெண்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. சென்னை நகரில் வீட்டிலேயே கற்றோர் ஏறத்தாழ 27,000 பேர் எனவும், அது பள்ளியில் கற்றோரைப் போல் ஐந்து மடங்கு எனவும் மாவட்ட அறிக்கை கூறியது. அவ்வெண்ணில் பிழை இருக்கக்கூடும் என்று மன்றோவே 1826இல் எழுதினார். எனினும், உறவினரும் தனியாசிரியரும் வீட்டில் கற்பிப்பது பெருவழக்காக இருந்ததை அவர் மறுக்கவில்லை. இக்கணக்கு எழுத்தும் எண்ணும் கற்றோரை மட்டுமே கொண்டது என்பதையும், சாதியாலும் வறுமையாலும் திண்ணைக்குக் கீழே நிறுத்தப்பட்ட குழந்தைகள் இதில் சேரவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. மாடு மேய்க்கவும் களையெடுக்கவும் அனுப்பப்பட்ட குழந்தைக்கு மணலும் ஓலையும் கையெட்டும் தூரத்தில் இருந்தன; விளையாடும் நேரந்தான் இல்லை.

குழியும் புள்ளியும்

எழுத்துப் பள்ளியிலிருந்து பெரும்பாலும் விலக்கப்பட்ட பெண்குழந்தைகளுக்கு எண்ணும் வடிவமும் விளையாட்டின் வழியாகவே வந்து சேர்ந்தன. பல்லாங்குழி என்பது வரிசைக்கு ஏழாக ஈரேழு குழிகள் கொண்ட பலகையில் ஆடப்படும் ஆட்டம். பலகை இல்லாத வீட்டில் தரையில் குழி பறித்தோ கட்டம் வரைந்தோ ஆடுவர். குழிக்கு ஐந்தாகப் புளியங்கொட்டையோ சோழியோ இட்டு, ஒரு குழியின் காய்களை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டு, கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வர். அள்ள வேண்டிய குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்வர். காய் போட்டுச் செல்கையில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு எனப்பட்டு, அக்குழிக்கு உரியவரைச் சேரும். எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே முடியும் என்பதை முன்கூட்டி மனத்தில் எண்ணிப் பார்க்கத் தெரிந்த சிறுமியே வெல்வாள் என்பதால், கூட்டலும் பகிர்தலும் முன்கணிப்பும் அவளுக்குப் பாடமாகச் சொல்லப்படாமலே வசப்பட்டன. துணைக்கு ஆள் இல்லாதபோது தனியே ஆடும் வகையும் உண்டு. அசோகவனத்தில் சீதை ஆடியதாகச் சொல்லி அதற்குச் சீதைப்பாண்டி என்று பெயரிட்டனர்.

கழங்கு என்பது கழற்சிக்காயை மேலே எறிந்து, அது கீழே வருமுன் தரையிலுள்ளவற்றை வாரிக்கொண்டு பிடிக்கும் ஆட்டம். சங்கப் பாடல்களில் இடம்பெறும் அது, கூழாங்கல்லைக் கொண்டு ஆடும் தட்டாங்கல்லாகவும் அஞ்சாங்கல்லாகவும் இன்றும் சிற்றூர்களில் தொடர்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாரும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதால் கண்ணும் கையும் எண்ணும் ஒரே நொடியில் இணைய வேண்டிய பயிற்சி அது.

கோலத்தின் கல்வி இன்னும் நுட்பமானது. நேர்ப்புள்ளியாகவோ, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி அமையும் இடைப்புள்ளியாகவோ புள்ளிகளை இட்டு, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக் கம்பி இழுத்துத் தொடங்கிய இடத்திலேயே முடிப்பது சிக்குக்கோலம். தாயின் அருகில் குந்தியிருந்து முதலில் புள்ளி வைக்கவும், பிறகு ஓரத்துச் சுழிகளை இழுக்கவும், கடைசியில் முழுக் கோலத்தையும் தனியே போடவும் சிறுமி படிப்படியாகப் பழகுவாள். புள்ளிகளை நோக்கியே முழு வடிவத்தையும் மனக்கண்ணில் காணும் அந்தத் திறன் கணித ஆய்வுக்கு உரியது என்பதை 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் அறிஞர்கள் உலகுக்கு உணர்த்தினர். கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலங்களின் அமைப்பைக் கணினி மொழியியலில் வழங்கும் இலக்கண விதிகளாக விளக்கி 1974இல் வெளியிட்ட கட்டுரை, வாசலில் காலால் மிதிபட்டு மறையும் மாவுக்கோட்டை ஆய்விதழில் ஏற்றியது.

சுவடிகளில் அதிகம் பதிவாகாத வேறு கைவேலைகளும் உண்டு. பனையோலையில் காற்றாடியும் கிலுகிலுப்பையும், தென்னங்கீற்றில் பீப்பியும் பாம்பும், நுங்கு தின்ற கூந்தலில் வண்டியும், விநாயகர் சதுர்த்திக்குப் பிடித்த களிமண்ணின் மிச்சத்தில் அம்மியும் உரலும் என ஒவ்வொரு பருவமும் குழந்தையின் கைக்கு ஒரு பொருளைத் தந்தது. மரப்பாச்சி போன்ற நிலையான பொம்மைக்கும்கூடத் துணியும் நகையும் வீட்டுக் குழந்தைகளே தைத்துக் கோத்து அணிவித்ததால், ஒவ்வொரு நவராத்திரிக்கும் அது புதிதாயிற்று.

பெட்டியில் வந்த விளையாட்டு

19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் இளங்குழந்தையின் விளையாட்டைக் கல்வியின் மையத்தில் வைத்தவர் ஜெர்மானியரான ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல். 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் தம் நிலையத்தைத் தொடங்கிய அவர், 1840இல் அதற்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்ற பெயரைச் சூட்டினார். தாயும் குழந்தையும் வீட்டில் ஆடும் விரல் விளையாட்டுகளைத் தொகுத்து 1844இல் அவர் நூல் வெளியிட்டதிலிருந்து, அவருடைய திட்டம் வீட்டிலிருந்தே தொடங்கியது என்பது விளங்கும். பந்து, உருளை, கனசதுரக் கட்டைகள் முதலியவற்றை அவர் ‘பரிசுகள்’ என்று அழைத்தார். எட்டுச் சிறு கட்டைகள் சேர்ந்த ஒரு கனசதுரத்தைக் குழந்தை வீடாகவும் நாற்காலியாகவும் பூவடிவாகவும் மாற்றி மாற்றி அடுக்கும். ஒரு வடிவத்தைத் தட்டித் தள்ளாமல் அதிலிருந்தே அடுத்ததை உருவாக்க வேண்டும் என்பதும், முடிவில் யாவும் மீண்டும் கனசதுரமாகிப் பெட்டிக்குள் செல்ல வேண்டும் என்பதும் அவரது விதிகள். மணற்சிற்றில் இடிந்தே புதிதாகிறது. ஃப்ரோபெலின் கட்டை உருமாறிப் புதிதாகிறது. செய்த வடிவத்தைப் பற்றிக்கொண்டிராமல் விட்டுவிடுவதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

இந்தப் பரிசுகளுள் வண்ணக் காகித மடிப்பு, சென்னையில் எதிர்பாராத கனியைத் தந்தது. கிண்டர்கார்ட்டனின் எட்டாம் பரிசாகிய காகிதச் சதுரங்களிலிருந்து எண்ணம் பெற்று, தண்டலம் சுந்தரராவ் காகித மடிப்பின் வழியே வடிவியலைக் கற்பிக்கும் ஆங்கில நூல் ஒன்றை 1893இல் சென்னையில் வெளியிட்டார். மடிப்பையே கோடாகக் கொண்டு சதுரத்திலும் முக்கோணத்திலும் தொடங்கி, உயர் வளைகோடுகள் வரை அந்நூல் செல்கிறது. ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைத் தம் நூலில் குறிப்பிட்டதால் மேலைநாட்டுக் கணித ஆசிரியர்களின் கவனத்துக்கு வந்து, 1901இல் அமெரிக்காவிலும் பதிப்பிக்கப்பட்டது. மழைநாளில் குழந்தைகள் மடித்து விடும் காகிதக் கப்பலுக்கும் கணிதத்துக்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டிய அந்நூல், தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைக் கல்வி நூல்களுள் உரிய இடம் பெற வேண்டியது.

அடுத்த பெருமாற்றம் மரியா மாண்டிசோரியின் வழியே வந்தது. இத்தாலிய மருத்துவரான அவர், 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் உழைக்கும் குடும்பங்கள் வாழ்ந்த அடுக்குக் குடியிருப்புக்குள்ளேயே முதல் ‘குழந்தைகள் இல்லத்தை’ நிறுவினார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று 1939இல் அடையாறு வந்த அவர், 300க்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதால் நாடு திரும்ப இயலாமல், அடையாற்றிலும் கொடைக்கானலிலுமாக 1946 வரை இந்தியாவில் தங்கிப் பணியாற்றினார். அவருடைய கருவிகளுள் மணல்தாள் எழுத்து குறிப்பிடத்தக்கது: சொரசொரப்பான தாளில் வெட்டிப் பலகையில் ஒட்டிய எழுத்தின்மீது குழந்தை விரலை ஓட்டி அதன் வடிவத்தை உணரும். திண்ணையின் மணலும் அடையாற்றின் மணல்தாளும் கண்ணுக்கு முன் விரலுக்கே எழுத்தை அறிமுகப்படுத்தின. ஒரு வேறுபாடும் உண்டு: மணலில் எழுத்தைக் குழந்தை உண்டாக்கியது, மணல்தாளில் முன்பே உண்டானதைப் பின்பற்றியது. அக்குறையை ஈடுசெய்வதுபோல் மாண்டிசோரி வகுப்புகளில் மணல்தாளுக்குப் பின் மணல்தட்டும் வைக்கப்படுகிறது.

மீண்டும் தரைக்கு

1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடிகள் வழியே, முன்பருவக் கல்வி முதன்முறையாக ஏழைக் குடும்பங்களின் பெருந்தொகையான குழந்தைகளை எட்டியது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி 2007இல் மாநிலமெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றல் முறையில், ஒவ்வொரு குழந்தையும் தரையில் அமர்ந்து எழுதி அழிக்கத்தக்க கீழ்மட்டக் கரும்பலகை சுவரைச் சுற்றி அமைக்கப்பட்டது. ஆசிரியரின் உயரத்தில் இருந்த பலகை குழந்தையின் கையெட்டும் உயரத்துக்கு இறங்கியபோது, எழுதித் துடைத்து மீண்டும் எழுதும் பழைய உரிமையும் உடன் வந்தது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருந்த காலத்துக்குப் பின், 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, தன்னார்வலர்களைக் கொண்டு மாலை நேரத்தில் குடியிருப்புகளுக்கு அருகிலேயே பாட்டும் கதையும் விளையாட்டுமாகப் பாடத்தை எடுத்துச் சென்றது.

இதே காலத்தில் வீட்டின் நிலை மாறிவிட்டது. முற்றம் சிமெண்டானது, கோலம் ஒட்டும் தாளானது, விளையாட்டுப் பொருள் கடையிலிருந்து முழுமையாகச் செய்யப்பட்டு வருகிறது. முழுமையாக வந்த பொருளைக் குழந்தை இயக்கலாம், உடைக்கலாம். ஆனால் அதைக் கலைத்து வேறொன்றாக ஆக்குவதற்கு அதில் இடம் குறைவு. குழந்தை விரைவில் சலித்துப் புதிய பொருளைக் கேட்பதன் காரணம் இங்கே இருக்கிறது: புதிதாக்கும் பணியைக் கை செய்ய இயலாதபோது, கடை செய்ய வேண்டியதாகிறது. சங்கச் சிறுமியரின் மணல் வீடு ஒரு நாளும் சலிக்காததற்குக் காரணம், அது ஒரு நாளும் முடிவடையாததே. தட்டில் ஒரு பிடி மணல், கிண்ணத்தில் புளியங்கொட்டை, கொஞ்சம் ஈரமண், நான்காக மடிக்கப் பழைய காகிதம் ஆகியவை எந்த வீட்டுக்கும் எட்டாதவை அல்ல. அவற்றோடு, கட்டியது சரிந்தபின் அவசரப்படுத்தாமல் மீண்டும் கட்ட விடும் ஒரு மணி நேரமும் கிடைத்தால், சிற்றிலின் கல்வி அங்கே தொடரும். குழந்தைக்கு அந்த நேரத்தை உறுதிசெய்வதே அன்று களைக்கொட்டுடன் வயலுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்டதை இன்றைய சமுதாயம் ஈடுசெய்யும் வழியும் ஆகும்.